நல்லவனா? கெட்டவனா? – நாடகப் பாத்திரம் எழுதுவது எப்படி



ஆண்டு விழா வருகிறது. எல்லா வகுப்பிலும் நாடகம் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். நான் நாடக மன்றத்தில் இருப்பதால் எழுதியதை என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். இதுவரை ஏழு நாடகம் படித்தாயிற்று. அதில் ஐந்தில் ஒரு குடிகார அப்பா வருகிறார். ஐந்து பேரும் ஒரே ஆள்தான்! லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் பாட்டிலோடு தள்ளாடித் தள்ளாடி வருவார். மனைவியை அடிப்பார். பிள்ளையின் புத்தகத்தைக் கிழிப்பார். கடைசிக் காட்சியில் டாக்டர் அறிவுரை சொன்னதும் திருந்திவிடுவார். இல்லையென்றால் செத்துப்போவார்.

இவர் மேடைக்கு வந்ததும் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். விசில் பறக்கும். எல்லாரும் சிரிப்பார்கள். குடியின் கொடுமையைச் சொல்லத்தான் நாடகம் போடுகிறோம், ஆனால் கிடைப்பது சிரிப்பு. அந்தக் கூட்டத்தில், வீட்டில் நிஜமாகவே இப்படி ஒரு அப்பா இருக்கிற பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களால் சிரிக்கவும் முடியாது. தலையைக் குனிந்தால் பக்கத்தில் இருப்பவன் ‘என்னடா?’ என்பான். அதனால் அவர்களும் சேர்ந்து சிரிக்கிறார்கள். இதை நினைத்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

மேடையில் வருகிற ஆள் பொம்மையாக இல்லாமல் மனிதனாக இருக்க என்ன செய்ய வேண்டும்? இதற்குப் பெரிய புத்தகம் எதுவும் படிக்க வேண்டாம். நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து பார்த்திருப்பீர்கள். விடிய விடிய நடக்கும். பாதியில் தூங்கியும் போயிருப்பீர்கள் (நானும்தான்). அந்தக் கூத்திலேயே நமக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது.

முதலில் துரியோதனனை எடுத்துக்கொள்வோம். பாரதத்தில் இவனைவிடக் கெட்டவன் யார்? பீமனுக்கு விஷம் வைத்தான். அரக்கு மாளிகைக்குத் தீ வைக்க ஆள் அனுப்பினான். சபை நடுவே திரௌபதியை இழுத்துவரச் சொன்னான். இதோடு நிறுத்தியிருந்தால் அவனும் லுங்கி மடித்துக் கட்டியவர் மாதிரிதான். ஆனால் வில்லிபாரதத்தில் இன்னொரு செய்தி வருகிறது. கர்ணனும் துரியோதனன் மனைவியும் தனியாக உட்கார்ந்து சொக்கட்டான் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஆட்ட வேகத்தில் கர்ணன் கை பட்டு அவள் மேகலை அறுந்து மணிகள் சிதறிவிடுகின்றன. அந்த நேரம் பார்த்துத் துரியோதனன் உள்ளே வருகிறான். வேறு யாராக இருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? இவனோ, மணிகளைப் பொறுக்கித் தரட்டுமா, கோத்துத் தரட்டுமா என்று கேட்கிறான். அவ்வளவுதான். 1964-இல் வந்த ‘கர்ணன்’ படத்திலும் இந்தக் காட்சி உண்டு.

பங்காளிகளிடம் ஊசிமுனை நிலம்கூடத் தர மாட்டேன் என்றவன், நண்பனிடம் சந்தேகம் என்பதே இல்லாமல் இருக்கிறான். இரண்டும் ஒரே ஆள். இப்படி ஒருவனுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு குணம் இருப்பதைத்தான் முரண் என்கிறோம். முரண் வந்ததும் அவன் நல்லவனாக மாறிவிடவில்லை. சபையில் செய்த பாவம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இனிமேல் அவனைச் சும்மா ‘வில்லன்’ என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. திருவிழாவின் கடைசியில் படுகளம் நடக்கும். மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவம் தொடையில் அடிபட்டுக் கிடக்கும். திரௌபதி கூந்தல் முடிவாள், ஊரே சந்தோஷப்படும். சில ஊர்களில் அங்கேயே காந்தாரி வேடம் போட்டவர் அவனுக்காக ஒப்பாரியும் வைப்பார். அம்மாவுக்கு அவன் பிள்ளை இல்லையா?

அந்த மணி உதிர்ந்த கதையை நமக்குச் சொல்வது யார் என்பதையும் கவனிக்க வேண்டும். துரியோதனன் தன் வாயால் சொல்லிக்கொள்ளவில்லை. கர்ணன் சொல்கிறான், அதுவும் குந்தியிடம். பாண்டவர்கள் பக்கம் வந்துவிடு என்று பெற்ற தாயே கூப்பிடும்போது, இப்படி நம்பினவனை எப்படி விட்டுவிட்டு வருவேன் என்பதற்கு இதைக் காரணமாகச் சொல்கிறான். ஒரே கதையில் துரியோதனன் எப்படிப்பட்டவன் என்பதும் தெரிகிறது, கர்ணன் ஏன் அங்கேயே நின்றான் என்பதும் தெரிகிறது. ஒருவனைப் பற்றி அவனே ‘நான் ரொம்ப நல்லவன்’ என்று வசனம் பேசினால் எடுபடாது. அவனோடு பழகினவர் சொன்னால் நம்புவோம்.

கர்ணன் விஷயம் இன்னும் சுவையானது. கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாதவன், உடம்போடு ஒட்டிய கவசத்தையே அறுத்துக் கொடுத்தவன். அவனே வியாச பாரதத்தில் திரௌபதியைச் சபையில் வைத்துக் கேட்கக் கூசும் வார்த்தை பேசுகிறான். கொடை வள்ளலுக்கு இந்த வாய் எங்கிருந்து வந்தது?

இங்கேதான் நாம் எழுதும்போது தடுமாறுகிறோம். முரண் வேண்டும் என்றதும், கஞ்சன் ஒருவன் திடீரென்று தர்மம் செய்கிற மாதிரி எழுதிவிடுகிறோம். காரணம் கேட்டால் இருக்காது. அது குழப்பம். நல்ல முரணுக்கு அடியில் வேர் ஒன்றாக இருக்கும். கர்ணனுக்கு அந்த வேர், என் கணக்கில், அவமானம். ஆயுதப் பயிற்சி அரங்கில் வித்தை காட்ட வந்தவனை ‘நீ யார் மகன், எந்தக் குலம்?’ என்று கேட்டுத் தலைகுனிய வைத்தார்கள். அன்றைக்கு அங்க நாட்டைக் கொடுத்து அவனை நிமிர வைத்தவன் துரியோதனன். பெரிய மனுஷன் என்று உலகம் சொல்ல வேண்டும், அதனால் அள்ளிக் கொடுக்கிறான். கைகொடுத்தவனை விட முடியாது, அதனால் அதர்மத்தின் பக்கம் நிற்கிறான். பட்ட அவமானத்தை இன்னொருவர் மேல் கொட்ட வாய்ப்பு வந்தபோது கொட்டிவிட்டான். மூன்றும் ஒரே வேரில் இருந்து வந்தவைதான்.

இனி உறவுகள். நம்மையே பாருங்கள். தலைமை ஆசிரியர் முன்னால் நிற்கிற நான் வேறு, அம்மாவிடம் சண்டை போடுகிற நான் வேறு, தம்பியை மிரட்டுகிற நான் வேறு. நாடகத்திலும் அப்படித்தான். ‘கர்ண மோட்சம்’ கூத்தில் ஊரெல்லாம் வள்ளல் என்று புகழ்கிறவனை வீட்டில் பொன்னுருவி பிறப்பைச் சொல்லி மதிக்காமல் இருக்கிறாள். கடைசிப் போருக்குப் போகும் முன் அவளிடம் விடைபெற வருகிறான் பாருங்கள், அந்தக் கட்டத்துக்குத் தூங்கினவர்களும் எழுந்துவிடுவார்கள். நண்பனிடம் ஒரு கர்ணன், தாயிடம் ஒரு கர்ணன், மனைவியிடம் ஒரு கர்ணன். இந்த உறவுகள் ஒன்றோடு ஒன்று மோதுகின்றன. அர்ச்சுனனைத் தவிர மற்ற நால்வரைக் கொல்ல மாட்டேன் என்று குந்திக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. ஆனால் சண்டை போடுவதோ துரியோதனனுக்காக. யுதிஷ்டிரனும் பீமனும் கையில் சிக்கியபோதும் உயிரோடு விட்டுவிடுகிறான். அம்மாவுக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றும் ஒவ்வொரு தடவையும் நண்பனுக்கு நஷ்டம்.

நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று இல்லை. ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் நகர வணிகன்’ நாடகத்தில் நீதிமன்றக் காட்சியைப் பள்ளிகளில் அடிக்கடி போடுவார்கள். ஷைலாக் கத்தியைத் தீட்டுவான், நாம் திட்டுவோம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு காட்சி இருக்கிறது. ஓடிப்போன மகள் ஒரு மோதிரத்தைக் கொடுத்துக் குரங்கு வாங்கிவிட்டாள் என்று அவனுக்குச் செய்தி வருகிறது. அது கல்யாணத்துக்கு முன் அவனுக்கு லியா கொடுத்த மோதிரம். ஒரு காடு நிறையக் குரங்கு தந்தாலும் அதை நான் கொடுத்திருக்க மாட்டேனே என்று துடிக்கிறான் அந்த வட்டிக்காரன். நேரம் போதாது என்று நாம் முதலில் வெட்டுவது இந்த மாதிரிக் காட்சியைத்தான்!

சரி, நம் குடிகார அப்பாவுக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஒரு கொத்தனார் இருக்கிறார். சனிக்கிழமை சம்பளம். அன்று ராத்திரி அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்க மாட்டார்கள். பாத்திரம் உருளும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் அவர் வாசலில் உட்கார்ந்து மகளின் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பார். மகள் முகத்தைப் பார்க்க மாட்டார், செயினையே பார்ப்பார். ஜூன் மாதம் வந்தால் அத்தனை புத்தகத்துக்கும் அவர்தான் அட்டை போடுவார். கரண்டி பிடித்த கை அல்லவா, ரசமட்டம் வைத்த மாதிரி ஓரம் மடியும். அவர் மனைவி வீட்டுக்குள் அவரை வாய்க்கு வந்தபடி திட்டுவார். ஆனால் பக்கத்து வீட்டுக்காரம்மா ‘உன் புருஷன் குடிகாரன்’ என்று சொன்னால் சும்மா விட மாட்டார், தெருவே வேடிக்கை பார்க்கும்.

இதையெல்லாம் எழுதினால் குடிக்கு வக்காலத்து வாங்குகிற மாதிரி ஆகாதா என்று மன்றத்தில் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆகாது என்பதே என் எண்ணம். அடி விழுந்தது விழுந்ததுதான். அட்டை போட்ட கையும் அடித்த கையும் ஒரே கை என்று தெரியும்போது அந்தப் பெண்ணின் கஷ்டம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. முழுக்க வெறுத்துவிட்டால் அவளுக்குச் சுலபமாக இருக்கும். முடியவில்லை.

இதை வைத்து இந்த வருஷம் மன்றத்தில் ஒரு நாடகம் எழுதியிருக்கிறோம். பத்து நிமிஷம்தான் தருவார்கள், அதனால் நாலே பேர். அப்பா மாரி, அம்மா, மகள் செல்வி, மேஸ்திரி. சுற்றுலாவுக்காக அரிசிப் பானையில் அம்மா ஒளித்துவைத்த 300 ரூபாயை மாரி எடுத்துக் குடித்துவிடுகிறான். மறுநாள் தன் வேலைச் சாமான்களை அடகு வைத்து அந்தப் பணத்தைத் திரும்பப் பானையில் போட்டுவிடுகிறான். சாமான் இல்லாமல் வேலைக்குப் போனவனை மேஸ்திரி திருப்பி அனுப்புகிறார். மேஸ்திரி முன்னால் கைகட்டி நின்றவன் வீட்டுக்கு வந்து சத்தம் போடுகிறான். செல்வியோ வகுப்பில் ‘அப்பாவுக்குக் காய்ச்சல் சார், அதான் கையெழுத்து வாங்கலை’ என்று பொய் சொல்கிறாள். டாக்டர் வரவில்லை. யாரும் திருந்தவும் இல்லை. கடைசியில் மாரி பழைய செய்தித்தாளை எடுத்து அவள் நோட்டுக்கு அட்டை போட உட்காருகிறான். அவள் நோட்டைக் கொடுப்பதா வேண்டாமா என்று நிற்கிறாள். அத்தோடு திரை.

செல்வியும் அம்மாவும் முடிவாகிவிட்டது. மாரிக்கு ஆள் வேண்டும். கூட்டம் சிரிக்காத மாதிரி தள்ளாடத் தெரிய வேண்டும், நோட்டுக்கு நேராக அட்டை போடவும் தெரிய வேண்டும். மேஸ்திரிக்கு உயரமான ஆள் நல்லது. 9-ஆம் வகுப்பிலிருந்து யார் வேண்டுமானாலும் வரலாம். மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் வேப்பமரத்தடியில் இருப்போம்.

– நாடக மன்றத்துக்காக,
பதினோராம் வகுப்பு மாணவன்