ஒரே அலைவரிசையில் இரு குரல்கள்

தொலைபேசியில் இருவர் ஒரே சமயத்தில் பேசினாலும் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கும். ஆனால் காவலரின் வாக்கி-டாக்கி, விசைப்படகின் விஎச்எஃப் கருவி, விமானியின் வானொலி ஆகியவற்றில் அனுப்புவதும் பெறுவதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நிகழ்வதால், பொத்தானை அழுத்திப் பேசிக்கொண்டிருப்பவருக்கு வேறு எதுவும் கேட்பதில்லை. இருவர் ஒருசேர அழுத்திவிட்டால், அதிர்வெண் பண்பேற்ற முறையில் இயங்கும் வாக்கி-டாக்கியில் வலுவான குரல் மட்டுமே மற்றவர்களுக்கு எட்டும். வீச்சுப் பண்பேற்ற முறையைப் பின்பற்றும் விமான வானொலியிலோ இரண்டும் மோதிக் கீச்சொலியாகிவிடும். தம் பேச்சு போய்ச் சேர்ந்ததா என்பதைப் பேசிய இருவருமே அறியமாட்டார்கள் என்பதுதான் இதிலுள்ள பெரிய ஆபத்து. வானொலிப் பேச்சுக்கென வகுக்கப்பட்ட விதிகளில் பல இந்த ஒரு குறையை ஈடுகட்ட எழுந்தவை.

பேசுவதற்கு முன் அலைவரிசையில் வேறு யாரேனும் பேசுகிறார்களா என்று கவனிப்பதும், பொத்தானை அழுத்தியபின் முதல் அசை அறுபடாதிருக்க ஒரு கணம் தாமதிப்பதும் அடிப்படைப் பழக்கங்கள். அழைக்கப்படுபவரின் பெயர் முதலிலும் அழைப்பவரின் பெயர் அடுத்தும் வருவதற்குக் காரணம், தம் பெயர் காதில் விழுந்த பிறகே ஒருவர் உற்றுக் கேட்கத் தொடங்குகிறார் என்பதாகும். ‘ஓவர்’ என்பது பேசி முடித்தாயிற்று, இனி மறுமொழி தேவை என்பதையும், ‘அவுட்’ என்பது உரையாடல் முடிந்தது, மறுமொழி வேண்டாம் என்பதையும் குறிப்பதால், திரைப்படங்களில் கம்பீரமாக ஒலிக்கும் ‘ஓவர் அண்ட் அவுட்’ உண்மையில் பொருளற்ற தொடர். ‘ரோஜர்’ என்றால் செய்தி முழுமையாகக் கிடைத்தது என்று மட்டுமே பொருள். சொன்னபடி செய்வதாக உறுதியளிக்க ‘வில்கோ’ என்ற தனிச்சொல் உண்டு.

ஆங்கில எழுத்துகளில் பி, டி, ஈ போன்றவை இரைச்சலில் ஒன்றுபோல ஒலிப்பதால், அவற்றுக்குப் பதிலாக ‘பிராவோ, டெல்டா, எக்கோ’ என்று சொல்லும் முறையைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1956 மார்ச் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. ‘ஃபைவ்’, ‘நைன்’ இரண்டும் குழம்பாதிருக்க ஒன்பதை ‘நைனர்’ என்கிறார்கள்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்ற கேள்விக்கு, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரீஃப் தீவில் 1977 மார்ச் 27 அன்று நிகழ்ந்த விபத்தே விடை. மூடுபனி சூழ்ந்த ஓடுபாதையின் ஒரு முனையில் கேஎல்எம் விமானம் புறப்பாட்டுக்குக் காத்திருக்க, அதே பாதையில் பான் ஆம் விமானம் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. வானில் ஏறியபின் செல்ல வேண்டிய வழியைக் கட்டுப்பாட்டு அறை தெரிவித்ததும், கேஎல்எம் துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லி, தாங்கள் இப்போது ‘டேக்-ஆஃப்’ நிலையில் இருப்பதாக இருபொருள்படச் சேர்த்தார். கட்டுப்பாட்டாளர் ‘ஓகே’ என்று சொல்லிச் சற்று இடைவெளி விட்டுக் காத்திருக்கும்படி கூறிய அதே நொடிகளில், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருப்பதாகப் பான் ஆம் விமானம் குறுக்கிட்டுச் சொல்லவே, இரு எச்சரிக்கைகளும் கீச்சொலியில் சிக்கின. கேஎல்எம் விமானி அறையில் தெளிவாக விழுந்தது ‘ஓகே’ மட்டுமே. விமானம் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தது. இரு விமானங்களும் மோதியதில் 583 பேர் இறந்தனர். பனியும் அவசரமும் காரணங்களில் அடங்கும் என்றாலும், எதற்கு இசைவு என்று சொல்லாமல் உதிரும் ‘ஓகே’ போன்ற இணக்கச் சொற்களே வானொலியில் மிக ஆபத்தானவை என்பதை மறுக்க இயலாது.

அதன் பின்னர், புறப்பட அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லைப் பயன்படுத்துவது என்றும், மற்ற இடங்களில் ‘டிபார்ச்சர்’ என்று சொல்வது என்றும் வழக்கம் வரையறுக்கப்பட்டது. ஓடுபாதை தொடர்பான ஆணைகளை விமானி அப்படியே திருப்பிச் சொல்வது கட்டாயம். அதைக் காதுகொடுத்துக் கேட்டுப் பிழையிருந்தால் உடனே திருத்துவது கட்டுப்பாட்டாளரின் கடமை. பின்னதில் அசட்டை ஏற்பட்டால் முன்னது வெறும் சடங்காகிவிடும்.

கடலில் இதே ஒழுங்கு இன்னும் சுருக்கமான வடிவம் பெறுகிறது. உயிருக்கு ஆபத்து நேரும்போது, 156.8 மெகாஹெர்ட்ஸில் அமைந்த 16-ஆம் சேனலில் ‘மேடே’ என்று மூன்று முறை சொல்லி, படகின் பெயர், இருக்கும் இடம், நேர்ந்த ஆபத்து, தேவைப்படும் உதவி, படகிலுள்ளோர் எண்ணிக்கை ஆகியவற்றை வரிசையாகத் தெரிவிக்க வேண்டும். இடம் முன்னதாக வருவதால், பாதியில் தொடர்பு அறுந்தாலும் மீட்போர் எங்கே தேடுவது என்பதை அறிவார்கள். ஆகவே விஎச்எஃப் கருவியுடன் கடலுக்குச் செல்லும் ஒவ்வொருவரும், ஜிபிஎஸ் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஒவ்வோர் இலக்கமாக உரக்கப் படித்துக் கரையிலேயே பழகிக்கொள்ள வேண்டும்.