நாற்றுக்கு முன்னால் வாய்க்கால்

பிச்சாவரத்தில் படகு குறுகலான ஓடைக்குள் நுழைந்ததும், வெண்கண்டல் கிளைகள் கைக்கெட்டும் உயரத்துக்குத் தாழ்ந்து வரும். ஓர் இலையை நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். வேர் வழியாக உள்ளே வந்துவிட்ட உப்பை இலைச் சுரப்பிகள் வழியே வெளியே தள்ளிவிடும் மரம் இது. வெயில் ஏற ஏற இலைமேல் பொடி உப்பு பூத்துவிடும். உப்போடு இப்படிக் குடித்தனம் நடத்தத் தெரிந்த மரத்தையும் ஒரு காலத்தில் உப்புதான் கொன்றது.

வெள்ளாறு, கொள்ளிடம் முகத்துவாரங்களுக்கு இடையே ஆயிரம் ஹெக்டேருக்கும் மேல் பரந்த அலையாத்திக் காடு பிச்சாவரம். ஆங்கிலேயர் ஆட்சியில் அதைக் 'கூப்பு'களாகப் பிரித்து, முறை வைத்து ஒவ்வொன்றாக மொட்டையடித்தார்கள். வெட்டிய இடத்தில் மரம் தானே வளர்ந்துவிடும் என்பது கணக்கு. பல இடங்களில் வளரவில்லை. மாடு மேய்த்தவர்கள் மீதும் விறகு வெட்டியவர்கள் மீதும் பழி விழுந்தது.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இந்த வெற்று நிலங்களை ஆராய்ந்தபோது வேறொரு காரணம் தெரியவந்தது. நிழல் போனதால் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றிய மண் அமுங்கி, நிலத்தின் நடுப்பகுதி தாம்பாளம் போலக் குழிந்தது. பெரிய ஓதத்தில் ஏறிய கடல்நீர் அந்தக் குழியில் தேங்கிவிட்டது. நம் கரையோரத்தில் ஓதம் ஒரு மீட்டர்கூட உயராது. தேங்கியதை அலசிக்கொண்டு போக அதற்குத் தெம்பில்லை. வெயிலில் நீர் ஆவியாக, உப்பு மட்டும் மண்ணில் மிஞ்சியது. அடுத்தடுத்த ஓதங்களில் அது ஏறிக்கொண்டே போய், வெண்கண்டலாலும் தாங்க முடியாத அளவை எட்டியது. அந்த மண்ணில் நாற்றை மட்டும் கொண்டுபோய் நட்டிருந்தால் அதுவும் கருகியிருக்கும்.

ஆகவே முதலில் மண்வெட்டியை எடுத்தார்கள். இயற்கையான ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால். அதன் இருபுறமும் சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி இருக்கும். ஓதம் ஏறும்போது புதுநீர் உள்ளே வரும். இறங்கும்போது உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியேறும். உப்பு குறைந்த பிறகே நாற்று நட்டார்கள், அதுவும் நீர் வந்து நனைத்துப் போகும் வாய்க்கால் சரிவில். வனத்துறையும் கிராமத்தாரும் சேர்ந்து செய்த வேலை இது. பின்னர் முத்துப்பேட்டை, கோதாவரி, கிருஷ்ணா கழிமுகங்களுக்கும் இந்த முறை போனது.

நீரோட்டம் திரும்பினால் பாதி வேலையைக் காடே பார்த்துக்கொள்ளும். சுரபுன்னையின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, சின்ன முருங்கைக்காய் போலத் தொங்கும். விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கும், அல்லது மிதந்துபோய் வேறிடத்தில் வேர்விடும். உதிர்ந்த இலை மக்கி இறால் குஞ்சுக்கு இரையாகிறது. அந்த இறாலைத் தேடிக் கொக்கு ஒரு பக்கம் நிற்க, ஆழமில்லாத நீரில் கையாலேயே சேற்றைத் துழாவிப் பிடிக்கும் இருளர்கள் மறுபக்கம்.

2004 சுனாமியில், கடலூர் மாவட்டக் கரையில் மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று மறு ஆண்டு 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. கடலிலிருந்து உள்ள தூரமும் தரையின் உயரமும் காரணமாக இருக்கலாமே என்று வேறு சிலர் வாதிட்டார்கள். காடு அலையின் வேகத்தைத் தணிக்கும், ஆனால் மதில் ஆகிவிடாது என்று எடுத்துக்கொள்ளலாம்.

வெட்டிய வாய்க்காலும் அப்படியே இருந்துவிடாது. ஒவ்வோர் ஓதமும் கொஞ்சம் வண்டலைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகும். வாய் அடைத்துக்கொண்டால் நீர் மறுபடி தேங்கும். உப்பும் பழையபடி ஏறத் தொடங்கும். நாற்று நட ஒரு நாள் போதும், அதைப் படம் எடுக்கவும் ஆள் வரும். தூர் வார ஆண்டுதோறும் யாராவது சேற்றில் இறங்க வேண்டும்.