கழுத்தில் தெரியும் அடையாளம்

இரத்த வாந்தி எடுத்தால், மலம் தார்போல் கறுத்துப் போனால், குடற்புண் என்றே நாம் எண்ணுகிறோம். பல வேளைகளில் அது சரியே. மிக அரிதாக, சூடோசாந்தோமா இலாஸ்டிகம் என்னும் பரம்பரை நோயும் காரணமாகலாம்.

எமது தோலிலும் இரத்தக் குழாய்களிலும் இழுபட்டு மீளும் நார்கள் உண்டு. இந்நோயில் அவற்றிலே கல்சியம் படிந்து, நார்கள் விறைத்து உடைகின்றன. இரைப்பைச் சுவரிலுள்ள குழாய் கிழிந்தால் எளிதில் சுருங்கி அடைபடாது, இரத்தம் பெருகும்.

உடல் முன்னரே அடையாளம் காட்டுவதுண்டு. கழுத்திலும் அக்குளிலும் மஞ்சள் நிறச் சிறு தடிப்புகள் தோன்றி, தோல் இறகு பிடுங்கிய கோழியின் தோல்போலாகும். கண்பார்வையும் குறையலாம்.

இதற்கான மரபணு 2000ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தாலே நோய் உண்டாகும். அத்தகைய பெற்றோர் நலமாகவே இருப்பர். ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. சொந்தத்துள் மணம் முடித்தோரிடம் இவ்வாய்ப்புக் கூடும். இது சாபமுமல்ல, தொற்றுமல்ல.

நாம் செய்யவேண்டியவை: இரத்தம் கண்டால் தாமதியாது ஆஸ்பத்திரிக்குப் போவோம். கழுத்துத் தடிப்பையும் வைத்தியருக்குக் காட்டுவோம். இந்நோயுள்ளோர் அஸ்பிரின், புரூபன் போன்ற வலிமாத்திரைகளை வைத்தியரைக் கேளாமல் விழுங்கக்கூடாது. கூடப்பிறந்தோரையும் பரிசோதிப்பிப்போம். இடம்பெயரும்போது உறுதிக் கடதாசியோடு கிளினிக் கொப்பியையும் கட்டி எடுப்போம். புதிய ஊர் வைத்தியருக்கு எமது நோயைச் சொல்வது அதுவே.