பட்டினியில் சாகும் கோரை

பாராகுவாட் களைக்கொல்லி அடித்த வரப்பு மறுநாளே கருகிக் கிடக்கும். அடித்தவருக்கு மனம் நிறைந்துவிடும். ஆனால் கோரை விடாது. மேலே கருகினாலும் மண்ணுக்குள் கிழங்கு உயிரோடு இருக்கும், கொஞ்ச நாளில் மறுபடி குருத்து விடும். இன்னொரு களைக்கொல்லியான கிளைபோசேட்டின் கதை நேரெதிர். அடித்து நான்கைந்து நாளாகியும் களை பச்சையாகவே நிற்கும். போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களோ என்று கடைக்காரர் மேல்தான் சந்தேகம் வரும். அதன்பிறகே குருத்து வெளுக்கும், மெல்ல மெல்ல மஞ்சளாகிப் பழுக்கும், கிழங்கும் சேர்ந்து சாகும்.

இந்தத் தாமதத்துக்குக் காரணம் உண்டு. பாராகுவாட் ஒளிச்சேர்க்கையின் நடுவே புகுந்து நச்சு ஆக்சிஜனை உண்டாக்கி, செல்லின் சவ்வையே கிழித்துவிடுகிறது. கிளைபோசேட் எதையும் கிழிப்பதில்லை. சர்க்கரை போகும் பாதையிலேயே ஏறி, செடி எங்கெல்லாம் வளர்கிறதோ அங்கெல்லாம், வேர்நுனி, குருத்து, கிழங்கு என்று போய்ச் சேர்கிறது. சேர்ந்த இடத்தில் அது செய்வது ஒரே ஒரு வேலை.

புரதங்களைக் கட்ட செல்லுக்கு இருபது வகை அமினோ அமிலங்கள் தேவை. அவற்றில் பினைல் அலனின், டைரோசின், டிரிப்டோபான் ஆகிய மூன்றையும் செடி ‘ஷிகிமேட்’ என்ற வேதிப்பாதை வழியாகத் தானே தயாரித்துக்கொள்கிறது. அந்தப் பாதையில் இ.பி.எஸ்.பி.எஸ். என்றொரு நொதி. பாஸ்போஎனால்பைருவேட் என்ற மூலக்கூறு வந்து உட்கார வேண்டிய இடத்தில் கிளைபோசேட் உட்கார்ந்துகொள்கிறது. பந்தியில் அடுத்தவர் இலை முன்னால் உட்கார்ந்து, தானும் சாப்பிடாமல் எழுந்திருக்கவும் மாட்டேன் என்கிற ஆள் மாதிரி! பாதை அடைபட்டதும் மேலே ஷிகிமிக் அமிலம் குவிகிறது, கீழே மூன்று அமினோ அமிலங்களும் தீர்ந்துபோகின்றன. புரதம் கட்டும் ரைபோசோம்களுக்கு ஒரு குறையும் இல்லை, சரக்குதான் வருவதில்லை. கையிருப்பு கரைகிற வரை செடி பச்சையாக நிற்கும். புதுப் புரதம் அதிகம் கேட்கிற குருத்து முதலில் வாடும்.

அடி அதோடு நிற்பதில்லை. ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனுக்கும், தண்டுக்கு விறைப்புத் தரும் லிக்னினுக்கும், பூஞ்சையை எதிர்க்கும் பொருள்களுக்கும் மூலப்பொருள் இதே பாதையில்தான் வருகிறது. 1984-இல் ஜோகல், ரேஹ் என்ற இரு ஆய்வாளர்கள் அவரைச் செடிகளை வைத்து இதைக் காட்டினார்கள். கிருமி நீக்கிய மண்ணில் வளர்ந்த செடிகள் கிளைபோசேட்டை வெகுவாகத் தாங்கின. சாதாரண மண்ணில் வளர்ந்தவற்றை மண்ணிலிருந்த பூஞ்சைகள் வேர் வழியே தாக்கிக் கொன்றன. ஆக, கொலையில் மண்ணுக்கும் பங்கு உண்டு.

மான்சான்டோ நிறுவனத்தின் ஜான் ஃபிரான்ஸ் 1970-இல் கிளைபோசேட்டின் களைக்கொல்லித் தன்மையைக் கண்டறிந்தார். 1974-இல் ‘ரவுண்டப்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1972-லேயே யாவோர்ஸ்கி என்பவர், கிளைபோசேட்டால் வளர்ச்சி நின்ற, நீரில் மிதக்கும் சிறுசெடிக்கு அந்த அமினோ அமிலங்களைக் கொடுத்து மீட்டுக் காட்டியிருந்தார். ஆனால் அடைபடும் நொதி எது என்று ஜெர்மனியின் ஸ்டைன்ரூக்கனும் அம்ரைனும் சொன்னது 1980-இல். அதற்குள் மருந்து கடைக்கு வந்து ஆறு வருடம்!

மனித உடலில் ஷிகிமேட் பாதை இல்லை. அந்த மூன்றில் பினைல் அலனினையும் டிரிப்டோபானையும் உணவிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறோம், டைரோசினைப் பினைல் அலனினிலிருந்து உடல் செய்துகொள்கிறது. ‘ஆளுக்கு ஆபத்தில்லை’ என்ற விளம்பரத்துக்கு இதுவே அடிப்படை. முழுமையான வாதம் இல்லை என்றே தோன்றுகிறது. பாக்டீரியாக்களுக்கு அந்தப் பாதை உண்டு. தேனீயின் குடல் பாக்டீரியாக்களை கிளைபோசேட் குறைப்பதாக 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. புற்றுநோய் குறித்த சர்ச்சையோ இன்னும் ஓயவில்லை.

நெல் வயலில் அடிக்கும் பிஸ்பைரிபேக் சோடியமும் இதே குடும்பத் தந்திரம்தான். அது அடைப்பது வேறொரு நொதியை. தட்டுப்பாடாவது வாலின், லியூசின், ஐசோலியூசின். நெற்பயிர் அந்த மருந்தைச் சிதைத்துவிடுவதால் தப்பிக்கிறது.

கிளைபோசேட்டிடம் எந்தப் பயிரும் அப்படித் தப்ப முடியாது. எனவே தப்பும் பயிரை உருவாக்கினார்கள். அமெரிக்காவின் லூசியானாவில், கிளைபோசேட் தயாரிக்கும் ஆலையின் கழிவில் வாழ்ந்த பாக்டீரியா ஒன்றிடம், மருந்துக்கு மசியாத இ.பி.எஸ்.பி.எஸ். இருந்தது. அதன் மரபணுவைச் சோயாவில் புகுத்தி 1996-இல் விதையை விற்றார்கள். பிறகு ஒரே மருந்து, ஒரே நிலம், ஆண்டுக்கு ஆண்டு.

களை சும்மா இருக்குமா? 2005 வாக்கில் ஜார்ஜியா மாநிலப் பருத்திக் காடுகளில் பால்மர் அமரந்த் சாகாமல் நின்றது. நம் தண்டுக்கீரைக்குப் பங்காளிதான். நொதியை அது மாற்றிக்கொள்ளவே இல்லை. மரபணுவைப் பிரதி எடுத்துக்கொண்டது: வழக்கத்தைவிட ஐந்து மடங்கு முதல் நூற்று அறுபது மடங்குக்கும் மேல் வரை. அடைக்க அடைக்கத் தீராத அளவுக்கு நொதி. அந்தப் பிரதிகளில் பல, குரோமோசோமை விட்டு வெளியே வந்து தனி வளையங்களாக உலவுகின்றன என்பது 2018-இல் தெரியவந்தது. செல் பிரியும்போது குரோமோசோம் மேல் தொற்றிக்கொண்டு அடுத்த தலைமுறைக்கும் போய்விடுகின்றன. ஒரே பெண் செடி லட்சக்கணக்கில் விதை உதிர்க்கிறது.