மண்டபமா, அறையா?

உங்களோடு ஓர் இங்கிலீஷ்கார நண்பர் திருவண்ணாமலைக் கோயிலுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரங்கால் மண்டபத்தைக் காட்டி, "இது என்ன?" என்கிறார். "ஹால்" என்கிறீர்கள். பாதாள லிங்கம்? "ரூம்." கருவறை? அதுவும் "ரூம்"தான்! அருணாசலேசுவரருக்கும் அரிசி மூட்டைக்கும் ஒரே சொல்லா?

கொஞ்சம் யோசியுங்கள். மண்டபத்துக்குத் தூண்தான் உயிர். பக்கங்கள் பெரும்பாலும் திறந்தே கிடக்கும். அறைக்குச் சுவரும் வாசலும் வேண்டும். அதுவே தரைக்கடியில் போனால் நிலவறை. வடமொழியில் 'பிராகாரம்' என்றால் மதில்; நாமோ மதிலுக்குள்ளே சுற்றி வரும் வழியை அப்படி அழைக்கிறோம். 'சன்னதி' கட்டடத்தின் பெயரே அல்ல. அருகாமை என்றுதான் அதற்குப் பொருள்!

இங்கிலீஷிலும் இந்த வேடிக்கை உண்டு. 'செல்' என்றதும் சிறைதானே நினைவுக்கு வருகிறது? அதன் தாய்ச் சொல் லத்தீன் 'செல்லா'. ரோமானியக் கோயிலின் உள்ளறைக்கும் அதுவே பெயர். 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கையை நுண்ணோக்கியில் பார்த்து, அங்கே தெரிந்த சின்னஞ்சிறு கட்டங்களுக்கும் அந்தப் பெயரையே சூட்டினார். 'சேம்பர்', படம் பிடிக்கும் 'காமிரா' இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்!

"இதெல்லாம் வெறும் சொல் ஆராய்ச்சி" என்கிறீர்களா? பதினாறு வயதுப் பையன் ஒருவனுக்கு இந்த வித்தியாசம் உடம்பிலேயே உறைத்தது.

1896 செப்டம்பர் 1-ஆம் தேதி வேங்கடராமன் இங்கே வந்து, ஆயிரங்கால் மண்டபத்தில் மௌனமாக அமர்ந்தான். திறந்த இடமல்லவா? விஷமக்காரப் பையன்கள் கல்லெறிந்தார்கள். கீழே பாதாள லிங்க நிலவறைக்குள் போய் உட்கார்ந்தான். அங்கே கல் குறைந்தது. ஆனால் இருட்டில் பூச்சிகள் தொடையை அரித்துப் புண்ணாக்கின. தியானத்தில் இருந்தவனுக்கோ அது தெரியவில்லை. கடைசியில் அன்பர்கள் தூக்கி வந்து முருகன் சன்னதியில் சேர்த்தார்கள்.

அந்தப் பையன்தான் ரமண மகரிஷி. பிறகு 1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகை. 1922 வரை கந்தாசிரமம். அப்புறம் அடிவாரத்து ஆசிரமத்தில், பல ஆண்டுகள் எல்லோருக்கும் திறந்திருந்த 'ஹால்'. 1950 ஏப்ரல் 14 இரவு அவர் உடலை நீத்தது ஒரு சிறிய அறையில்.

மண்டபம், நிலவறை, சன்னதி, குகை, ஹால், அறை... ஒன்றை மாற்றி இன்னொன்றைச் சொன்னால் கதையே கெட்டுவிடும் அல்லவா?

ஆகவே, நண்பர் கேட்டால் அவசரப்படாதீர்கள். தூணா, சுவரா, தரைக்கு மேலா, கீழா என்று முதலில் பாருங்கள். சொல் தானாக வரும்!