சிப்காட் தாண்டிய சிக்னல்

தொண்ணூறுகளின் ஓசூரில் இரவு பதினொரு மணிக்கு எஸ்.டி.டி. பூத் வாசலில் கூட்டம் நிற்கும். கால்வாசிக் கட்டணம் அப்போதுதான் தொடங்கும். லேலண்டிலும் டைட்டனிலும் வேலை பார்த்த தென்மாவட்டக்காரர்கள், மீட்டரில் ஏறும் எண்ணைப் பார்த்துக்கொண்டே அம்மாவிடம் நலம் விசாரிப்பார்கள்.

செல்போன் வந்ததும் எல்லையூர்களுக்குப் புதுத் தொல்லை. ஜுஜுவாடியில் நின்றாலும் போன் கர்நாடகத்து அத்திப்பள்ளி டவரைப் பிடித்துக்கொள்ளும்; தமிழ்நாட்டு மண்ணில் இருந்தபடியே ரோமிங் காசு போகும். இரண்டு சிம் இல்லாமல் எல்லையில் யாவாரம் நடக்காது. 2015 ஜூனில் பி.எஸ்.என்.எல். ரோமிங்கில் வரும் அழைப்புகளை இலவசமாக்கியது. மறு ஆண்டு ஜியோ வந்தபின் அந்தப் பேச்சே அடங்கிவிட்டது.

தேன்கனிக்கோட்டை தாண்டி மேலகிரி மலைப் பக்கம் போனால் கதை வேறு. ஊராட்சிதோறும் கண்ணாடியிழைக் கம்பி என்ற திட்டத்துக்கு 2011 அக்டோபரிலேயே மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பாரத்நெட் என்று பிற்பாடு பெயர் மாறியது. தமிழ்நாட்டில் அதற்கான டெண்டரை, நிபந்தனைகள் சரியில்லை என்று 2020 ஜூனில் மத்திய அரசு ரத்து செய்யச் சொன்னது. கொரோனாவால் பள்ளிகள் பூட்டிக்கிடந்து, பிள்ளைகள் போனில் பாடம் படிக்க வேண்டியிருந்த அதே ஜூன். அடுத்த சனவரியில் கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா தருவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. டவரே எட்டாத வீட்டில் அந்த டேட்டாவை வைத்து என்ன செய்வது? ஊராட்சிகளுக்குக் கம்பி இழுக்கும் வேலை 2022 ஜூனில்தான் குமரி மாவட்டத்தில் தொடங்கியது.

அன்று போன் இல்லாதவருக்கு நஷ்டம் ஒரு பேச்சு. இன்று அப்படியில்லை. நூறு நாள் வேலைக்கு 2023 சனவரி முதல் செயலியில்தான் வருகைப்பதிவு என்றானது: பணித்தளத்தில் தினம் இரண்டு படம், இடக்குறியோடு. ரேஷன் கடையில் கைரேகை. கம்பி வருவதற்கு முன்பே அதன் மேல் நிற்கும் கட்டாயங்கள் மலையேறிவிட்டன. எனக்கு இதுதான் பெரிய அநியாயமாகப் படுகிறது.

இன்னொன்று. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் 333 ஊராட்சிகளில் ஒன்று பெட்டமுகிலாளம். காட்டுக்குள் சிதறிக்கிடக்கும் பல சிற்றூர்கள் சேர்ந்தது அது. இருளர்கள் வாழும் கொடகரையும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. கம்பி ஊராட்சி அலுவலகத்தைத் தொட்டதும் ஏட்டில் ஓர் ஊராட்சி முடிந்துவிடும். அங்கிருந்து கொடகரைக்குப் போக டவர் வேண்டும், டவருக்குக் கரண்ட் வேண்டும், காட்டில் நட வனத்துறை அனுமதி வேண்டும். ஊராட்சிக் கணக்கை விட்டுச் சிற்றூர்க் கணக்கை எழுதச் சொல்லுங்கள். பாக்கி எவ்வளவு என்பது அதில் தெரியும்.