மழை முடிவு பண்ணின ராஜினாமா தேதி: என்.எச். 66ல 24 நாள்

போன எபிசோட்ல, வேலையை விட்டுட்டு கார்ல கன்னியாகுமரியில இருந்து பன்வேல் வரைக்கும் போனேன்னு ஒரே ஒரு வரி சொல்லிட்டுப் போயிட்டேன். அதுக்கு வந்த மெசேஜ்ல பாதி "ரூட் என்ன?", மீதிப் பாதி "வீட்ல என்ன சொன்னாங்க?". ரெண்டுக்கும் இன்னைக்குப் பதில் சொல்றேன். ஆனா இந்த எபிசோட்ல நான் அதிகமா பேசப் போறது பயணம் பண்ண 24 நாளைப் பத்தி இல்ல. அதுக்கு முன்னாடி இருந்த 100 நாளைப் பத்தி.

முதல்ல ரூட். தேசிய நெடுஞ்சாலை 66, பெரும்பகுதியோட பழைய பேர் என்.எச். 17. கன்னியாகுமரியில இருந்து கேரளா, கர்நாடகா, கோவா வழியா மும்பைக்குப் பக்கத்துல இருக்கிற பன்வேல் வரைக்கும் சுமார் 1,600 கிலோமீட்டர். எல்லாரும் மும்பைல ஆரம்பிச்சு தெற்கே வர்ற மாதிரிதான் வீடியோ போடறாங்க. நான் தலைகீழா தெற்கே இருந்து வடக்கே போகணும்னு முடிவு பண்ணேன். காரணம் ரொம்ப சின்னது. நம்ம ஊர்ல இடது பக்கம்தான் வண்டி ஓட்டுவோம். மேற்குக் கடற்கரையில வடக்கே போனா கடல் இடது பக்கம். அதாவது எங்க கடல் தெரிஞ்சாலும் அது நம்ம பக்கம் இருக்கும், ரோட்டைக் கடக்காம ஓரம் கட்டிடலாம். சாயங்கால வெயிலும் டிரைவர் மூஞ்சில அடிக்காது, பக்கத்து சீட்டுக்குத்தான் போகும். என் பக்கத்து சீட்ல இருந்தது ஒரு வாழைத்தார். அது நல்லா பழுத்துச்சு.

இப்போ அந்த 100 நாள் கணக்கு. ஐ.டி.ல இருக்கிறவங்களுக்குத் தெரியும், நோட்டீஸ் பீரியட் 90 நாள். ரொம்பப் பேர் வேலை வெறுத்துப்போன அன்னைக்குப் பேப்பர் போடறாங்க, ரிலீவ் ஆன அடுத்த நாள் கிளம்பிடறாங்க. நானும் அப்படித்தான் பண்ணியிருப்பேன். 2024 ஜூலைல மெயிலே டைப் பண்ணி டிராஃப்ட்ல வெச்சிருந்தேன்.

அந்த ஜூலை 16ஆம் தேதிதான் கர்நாடகால அங்கோலாவுக்குப் பக்கத்துல ஷிரூர்ல மலை சரிஞ்சு அப்படியே என்.எச். 66 மேல விழுந்துச்சு. ரோட்டோரம் டீக்கடை வெச்சிருந்த குடும்பம் போயிடுச்சு. நிறுத்தியிருந்த ஒரு லாரியும் கேரளாவைச் சேர்ந்த அதோட டிரைவரும் காணாம போயிட்டாங்க. கங்காவளி ஆத்துக்குள்ள இருந்து அந்த லாரியை வெளியே எடுக்க செப்டம்பர் கடைசி ஆயிடுச்சு. நான் தினமும் அந்தச் செய்தியைப் பார்த்துட்டு இருந்தேன். ஏன்னா என் ஷீட்ல "நாள் 11: கோகர்ணா டு கார்வார்"னு எழுதி வெச்சிருந்தது அந்த ரோட்டைத்தான்.

இது முடியறதுக்குள்ள ஆகஸ்ட் 7ஆம் தேதி ராத்திரி, கார்வார்ல காளி ஆத்து மேல இருந்த பழைய பாலம் இடிஞ்சு விழுந்துச்சு. ஒரு லாரி ஆத்துக்குள்ள போய், டிரைவரை உயிரோட மீட்டாங்க. அதுவும் என் ரூட். அன்னைக்குத்தான் ஷீட்டை மூடிட்டு முதல் தடவையா ஒழுங்கா யோசிச்சேன்.

மேற்குக் கடற்கரையில பச்சைப் பசேல்னு ரீல்ஸ்ல பார்க்கிறீங்களே, அது ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் பெய்யற தென்மேற்குப் பருவமழை குடுக்கிற பச்சை. அங்க ரோடு பல இடத்துல மலையைச் செங்குத்தா வெட்டிப் போட்டது. தண்ணி ஊறினா அந்த வெட்டு நிக்காது. அக்டோபர் வந்ததும் கிளம்பலாமான்னா, அப்போ தெற்கு முனைக்கும் சென்னைக்கும் வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்கும். டிசம்பர் 20க்கு மேல கோவால ரூம் வாடகை கைக்கு எட்டாது. இதையெல்லாம் கழிச்சா எனக்குக் கிடைச்சது நவம்பர் கடைசி வாரத்துல இருந்து டிசம்பர் நடு வரைக்கும்தான். அங்க இருந்து பின்னாடி எண்ணினேன். கிளம்பறதுக்கு முன்னாடி தூங்கறதுக்கு 10 நாள், நோட்டீஸ் 90 நாள். ஆகஸ்ட் 16ஆம் தேதி மெயில் அனுப்பினேன். கடைசி நாள் நவம்பர் 14. என் மேனேஜர் "ஏன் திடீர்னு?"னு கேட்டார். மழைக்காகன்னு சொன்னா நம்பியிருக்க மாட்டார்.

அடுத்தது இன்சூரன்ஸ். நான் கிட்டத்தட்ட மாட்டிக்கிட்ட இடம் இதுதான், அதனால கொஞ்சம் மெதுவா சொல்றேன். அப்பாவுக்கு சுகர் இருக்கு. அப்பா, அம்மா, நான் மூணு பேருமே என் கம்பெனி குரூப் மெடிக்கல் பாலிசிலதான் இருந்தோம். அந்த கவர் பொதுவா கடைசி வேலை நாளோட நின்னுடும். இது எனக்குத் தெரியும்னு நெனச்சேன், ஆனா தேதி போட்டு யோசிச்சதே இல்ல. புதுசா தனியா பாலிசி எடுத்தா முதல் 30 நாள் விபத்துக்கு மட்டும்தான் கவர், காய்ச்சலுக்குப் படுத்தா கிடையாது. ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் 3 வருஷம் வரைக்கும் போகலாம். நான் நவம்பர் 14க்கு அப்புறம் பாலிசி வாங்கியிருந்தா, பயணத்துல பெரும்பகுதி அந்த 30 நாளுக்குள்ள விழுந்திருக்கும்.

அதனால அக்டோபர் முதல் வாரத்துலயே எனக்குத் தனி பாலிசி எடுத்துட்டேன். அப்பா அம்மாவுக்கு வேற வழி. குரூப் பாலிசில இருந்து அதே இன்சூரன்ஸ் கம்பெனியோட தனிநபர் பாலிசிக்கு மாறிக்கலாம், குரூப்ல இருந்த வருஷங்களைக் காத்திருப்புக் காலத்துல கழிச்சுக்குவாங்க. ஆனா வேலைல இருக்கும்போதே கேட்கணும், அவங்களும் ஒத்துக்கணும். எச்.ஆர்.கிட்ட கேட்டப்போ அப்படி ஒண்ணு இருக்கறதே அவங்களுக்குத் தெரியல. நான் ஆறு மெயில் போட்டேன். பிரீமியத்தைப் பார்த்துட்டு அப்பா, "இதுக்கு நீ வேலைலயே இருந்திருக்கலாம்"னார். வீட்ல என்ன சொன்னாங்கன்னு கேட்டவங்களுக்கு, நேரடியா சொன்னது அந்த ஒரு வரிதான். அம்மா எதுவும் சொல்லல, ரெண்டு கிலோ பருப்புப் பொடி அரைச்சாங்க.

பணம். ரெண்டு அக்கவுண்ட்டா பிரிச்சேன். ஒண்ணு ஆறு மாச வீட்டுச் செலவு, அதோட டெபிட் கார்டை அம்மாகிட்ட குடுத்துட்டேன். இன்னொண்ணு பயணம். ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் வந்ததும் கிளம்பலாம்னு மட்டும் பிளான் பண்ணாதீங்க, நான் வேலையை விட்டப்போ அது வர ஒண்ணு ஒண்ணரை மாசம் ஆகும். கடைசி மாச சம்பளத்தையும் அதோட சேர்த்து நிறுத்தி வெக்கிற கம்பெனிங்க அப்போ இருந்துச்சு. பி.எஃப். மேல கை வைக்கல. சர்வீஸ் 5 வருஷம் முடியாம எடுத்தா வரி கட்டணும், தவிர அது டூர் போற காசு இல்ல.

செலவு இப்படித்தான் போட்டேன். சென்னையில இருந்து கன்னியாகுமரி 700, கோஸ்ட் 1,600, உள்ளே வெளியே போறதுக்கு 400, பன்வேல்ல இருந்து புனே, பெங்களூரு வழியா சென்னை 1,300. ஆக மொத்தம் 4,000. மேல ஒரு 200 சேர்த்துக்கிட்டேன். எங்க வண்டி லிட்டருக்கு 15 குடுக்கும், அப்போ 280 லிட்டர், 105 ரூபாய்னு வெச்சா 29,400. ரூம் 23 ராத்திரி 1,500 வீதம் 34,500. சாப்பாடு 14,400. டோல் 5,000, கிளம்பறதுக்கு முன்னாடி சர்வீஸ் 12,000. 95,300 வந்துச்சு. நிஜத்துல ஆனது 1 லட்சத்து 8,000. அந்த வித்தியாசம் எங்க போச்சுன்னா, பெரும்பாலும் மீனுக்கு. டோல் பத்தி ஒண்ணு: 2025 ஆகஸ்ட் 15ல 3,000 ரூபாய்க்கு ஃபாஸ்டேக் வருடாந்தர பாஸ் அறிமுகமாச்சு, 200 டிரிப் அல்லது ஒரு வருஷம். நான் போனப்போ அது இல்ல. தேசிய நெடுஞ்சாலை டோலுக்கு மட்டும்தான் செல்லும், மாநில அரசு ரோட்டு டோலுக்கு வேலை செய்யாது.

வண்டி அப்பாவோடது, 2014 ஹேட்ச்பேக். டயர் பட்டன் நல்லா இருக்கேன்னு நான் சொன்னதுக்கு மெக்கானிக் அண்ணன் கீழ உட்கார்ந்து டயர் பக்கவாட்டுல இருந்த நாலு இலக்கத்தைக் காட்டினார். முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். எங்க ஸ்டெப்னில 2314னு இருந்துச்சு. வண்டியோட வந்த டயர், பத்து வருஷம் டிக்கிலயே தூங்கியிருக்கு. "தம்பி, இதை நம்பி கொங்கண் போறியா?"ன்னார். மாத்தினேன்.

அடுத்து, என் முதல் பிளானோட பெரிய முட்டாள்தனம். கோஸ்ட்டை ஒன்பது நாள்ல முடிக்கறதா போட்டிருந்தேன், மேப் காட்டின மணியை அப்படியே கூட்டி. கேரளால அந்த ரோட்டை ஆறு வழியா அகலப்படுத்தற வேலை நடந்துட்டு இருந்துச்சு. சர்வீஸ் ரோட்ல லாரி பின்னாடி முப்பதுல போகணும். அதனால ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர்தான்னு முடிவு பண்ணேன். கோஸ்ட்டுக்கு ஓட்டற நாள் 10, ஓட்டாத நாள் 8. கன்னியாகுமரி போக 2, திரும்பி வர 3, எதுக்கும் இருக்கட்டும்னு ஒண்ணு. மொத்தம் 24. அந்த "எதுக்கும்" நாளை எல்லாரும் கிண்டல் பண்ணாங்க.

நவம்பர் 24 ஞாயித்துக்கிழமை கிளம்பினேன். 30ஆம் தேதி நான் ஆலப்புழால இருக்கேன், ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரை ஏறுது. சென்னை ஏர்போர்ட்டையே மூடிட்டாங்க. வீட்ல கரன்ட் இல்ல, தெருவுல தண்ணி. நான் ஹவுஸ்போட் ஜெட்டில நின்னுக்கிட்டு ஃபோன்ல "கிளம்பி வந்துடறேன்பா"ங்கறேன். "வண்டி உன்கிட்ட, நீ அங்க. இங்க வந்து என்ன பண்ணப் போற? மாத்திரை இருக்கு, தண்ணி இருக்கு. அங்கயே இரு"ன்னு வெச்சுட்டார். அன்னைக்கு முழுக்க எதையும் ரசிக்க முடியல. இதை வீடியோல நான் காட்டல.

அந்தப் புயலோட மிச்சம் அப்படியே உள்ளே நகர்ந்து மேற்கே வந்துச்சு. டிசம்பர் 2, நான் கோழிக்கோட்டுல. வட கேரள மாவட்டங்களுக்கு சிவப்பு எச்சரிக்கை. வங்கக் கடல் புயலுக்கு பயந்து அரபிக்கடல் பக்கம் போனவனுக்கு அதே புயல்! ரெண்டு நாள் ரூமை விட்டு நகரல. அந்த "எதுக்கும்" நாள் ஒண்ணும், ஓய்வு நாள் ஒண்ணும் அதுல போச்சு. நாலாம் தேதி காலையில கிளம்பும்போது பிளான் இன்னும் உடையாம இருந்துச்சு.

ரூட்ல கவனிக்க வேண்டியது சில. கடலோர நெடுஞ்சாலைன்னு பேரு, ஆனா கேரளால ரொம்ப தூரத்துக்குக் கடலே தெரியாது, கடைங்கதான். கடல் வேணும்னா இறங்கிப் போகணும். மாஹே புதுச்சேரியைச் சேர்ந்தது, அப்போ பெட்ரோல் கேரளாவை விட பத்து ரூபாய்க்கு மேல குறைவு. ஆனா 2024 மார்ச்ல திறந்த தலச்சேரி–மாஹே பைபாஸ்ல போனா மாஹே டவுன் கண்ணுலயே படாது, பழைய ரோட்டைப் பிடிங்க. கண்ணூர் பக்கத்துல முழப்பிலங்காடு கடற்கரையில மணல் மேலயே கார் ஓட்டலாம், சுமார் நாலு கிலோமீட்டர். ஓட்டினா அன்னைக்கே வண்டி அடிப்பக்கத்தை நல்ல தண்ணில கழுவிடுங்க. நான் ரெண்டு நாள் கழிச்சுக் கழுவினேன்.

நெடுஞ்சாலையில இருந்தபடியே கடல் பார்க்கிற இடம் கர்நாடகால மரவந்தே. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் சௌபர்ணிகா ஆறு, நடுவுல ரோடு. வடக்கே போற எனக்குக் கடல் கைக்கு எட்டற தூரம்.

ஷிரூர்ல நிறுத்தல. நிறுத்தி ஃபோட்டோ எடுக்கற இடம் இல்ல அது. மலையில மண் அப்படியே சிவப்பாத் திறந்து கிடந்துச்சு, ஆறு ஒண்ணும் நடக்காத மாதிரி ஓடிக்கிட்டு இருந்துச்சு. கார்வார்ல புதுப் பாலத்துலதான் ரெண்டு பக்க வண்டியும்.

மகாராஷ்டிரால 66ஐ விட்டுட்டேன், இதுதான் நான் எடுத்த நல்ல முடிவு. ரெட்டி, வெங்குர்லா, மால்வன், ரத்னகிரின்னு கடலை ஒட்டியே ஒரு மாநிலச் சாலை போகுது. நடுநடுவுல கழிமுகம் வந்து ரோடு முடிஞ்சிடும், காரோட ஃபெர்ரில ஏறணும். வடக்கே போற வரிசையில ஜெய்கட்–தவ்சால், தோபாவே–தாபோல், வேஸ்வி–பாக்மண்ட்லா, திகி–அகர்தண்டா. நாலு ஃபெர்ரி. ரிவர்ஸ்ல ஏத்தச் சொல்வாங்க, பயப்படாதீங்க, விசில் அடிக்கிறவரைப் பார்த்துக்கிட்டே வந்தா போதும். கடைசி ஃபெர்ரி நேரத்தை முதல் நாளே லோக்கல்ல கேட்டுக்கோங்க, விட்டுட்டா ரோடு வழியா பல மணி நேரம் சுத்தணும்.

டிசம்பர் 17 ராத்திரி வீடு. அப்பா என்னைப் பார்த்துட்டு, அடுத்து மீட்டரைப் பார்த்தார், 4,386 ஏறியிருந்துச்சு. மறுநாள் காலையில எழுந்து பார்த்தா கையில டார்ச்சோட வண்டிக்கு அடியில பாதி உடம்பு. "உப்பு பட்டிருக்கு. எந்த பீச்ல இறக்கினே?"ன்னார். சொன்னேன். அடுத்த வாரம் அண்டர்கோட்டிங் பண்ண 3,500 ஆச்சு. மேல சொன்ன 1 லட்சத்து 8,000ல அது சேரல.